கண்டிக்கு ஒரு பாஸ்போர்ட்

ஜூன் 9

மழை பிடித்துக்கொண்டது. என் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை.

ஜூன் 11

வந்தார்கள். வந்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்து பாரத்தைத் தொடையில் வைத்து எழுதினார். அப்பா எங்கே பிறந்தார் என்றார். அட்டன் என்றேன். எந்த மாவட்டம்? நுவரெலியா. நீலகிரியில் அப்படி ஒரு ஊரா என்று யோசித்தார். இலங்கை சார் என்றதும் பேனாவை மூடி பாக்கெட்டில் செருகிவிட்டார்.

அப்புறம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1964 அக்டோபர் 30, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு ஜெராக்ஸ் கொடும்மா என்றார்.

ஜெராக்ஸ் எடுக்கப் பந்தலூர் போக வேண்டும். கடையில் கரண்ட் இல்லை.

ஜூன் 12

அப்பாயியின் பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்தேன். நாப்தலீன் வாசனை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. படத்தில் தாத்தா, அப்பாயி, அப்பாயி மடியில் அப்பா. படம் பிடிக்கும்போது தலையை ஆட்டியிருக்கிறார். முகம் கலங்கி இரண்டு மூக்கு தெரிகிறது. அந்த முகத்தை நம்பி ஒரு நாடு கொடுத்திருக்கிறார்கள்.

அந்த பாஸ்போர்ட் கண்டியை விட்டு வருவதற்கு. எனக்கு வேண்டியது கண்டிக்குப் போவதற்கு.

ஜூன் 14

அப்பாயிக்கு இருமல். மாசிக் கருவாடு கேட்கிறது.

ஜூன் 15

கண்டியில் நடக்கப்போகும் தெற்காசிய இளைஞர் முகாமுக்கு 500 சொல்லில் கட்டுரை வேண்டுமாம். "அண்டை நாடுகள் சேர்ந்து இளைஞர்களுக்கு என்ன செய்யலாம்?" மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கியது, செயலகம் காத்மாண்டுவில் என்று ஆரம்பித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரியே வருகிறது. 1994-ஐ இளைஞர் ஆண்டு என்று அறிவித்தார்களாம். அப்போது நான் பிறக்கவே இல்லை. தலைவர்கள் கடைசியாகக் கூடிய உச்சி மாநாடு 2014-இல், அப்போது ஏழாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன். 2016-இல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது நடக்கவில்லை. அதோடு சரி. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. டெல்லியில் எட்டு நாட்டுக்கும் பொதுவாகத் தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010-இலிருந்து நடக்கிறது.

இளைஞர் என்றால் யார் என்பதிலேயே ஒத்துப்போகவில்லை. இந்தியாவின் 2014 கொள்கைப்படி 15 முதல் 29 வரை. வங்கதேசத்தில் 18 முதல் 35. நேபாளத்தில் 16 முதல் 40. சித்தப்பாவிடம் சொன்னேன், நேபாளம் போனால் நீங்களும் இளைஞர்தான் என்று. கொழுந்து மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

ஜூன் 16

நேபாளம் போக எனக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். அப்பா பிறந்த ஊருக்குத்தான் வேண்டும்.

ஜூன் 18

மாசி கிடைத்தது! அப்பா பத்தேரியில் தேடிப்பிடித்து வாங்கி வந்தார். (எங்களுக்கு ஊட்டியைவிடப் பத்தேரிதான் கிட்டே.) லட்சத்தீவுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னாராம். சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தது. கருங்காலித் துண்டு மாதிரி இருக்கிறது. அம்மா உரலில் இடித்துச் சம்பல் போட்டார். தேங்காய் ரொட்டியும் சுட்டார். அப்பாயி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தியது.

"இது மாசி இல்ல தாயி."

"மாசிதான் அப்பாயி."

"லயத்து வீட்டுக்கு வர்ற மாசி வேற."

அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. அம்பது வருஷத்துக்கு முந்தின ருசியை யார் கொண்டுவந்து கொடுப்பது?

ஜூன் 21

முகாமுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இணையவழி அறிமுகக் கூட்டம். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) டவர் எடுக்காது. வளைவில் சில்வர் ஓக் மரத்தடியில், குடைக்குள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். அட்டை ஏறியது தெரியவில்லை. கூட்டம் முடிந்து பார்த்தால் சாக்ஸ் சிவப்பு.

பூட்டான் பையன் மட்டும்தான் பயமில்லாமல் பேசினான். காத்மாண்டு பெண்ணும் டாக்கா பெண்ணும் கொழும்புப் பையனும் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்கள் போல இருந்தார்கள். இலங்கையில் 2022, வங்கதேசத்தில் 2024, நேபாளத்தில் 2025. மூன்று இடத்திலும் தெருவில் இறங்கியது இவர்கள் வயசுக்காரர்கள், மூன்று இடத்திலும் ஆட்சி போனது. நடத்துகிறவர் அதைத் தொடவே இல்லை. "திறன் மேம்பாடு" என்று பதினோரு தடவை சொன்னார், எண்ணினேன்.

லாகூர் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: நீயும் நானும் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவது நாட்டில்தான் பார்க்க வேண்டும். 1992-லேயே சார்க் விசா விலக்குத் திட்டம் வந்தது. நீதிபதி, எம்.பி., பத்திரிகையாளர், வியாபாரி, விளையாட்டு வீரர் என்று 24 வகை ஆட்களுக்கு. அதையும் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான்காரர்களுக்கு இந்தியா நிறுத்திவிட்டது. இருந்திருந்தாலும் கொழுந்து பறிக்கிறவர் மகள் எந்த வகையில் வருவாள்?

மாலத்தீவுப் பெண்ணிடம் மாசி பற்றிக் கேட்டேன். முதலில் புரியவில்லை. படம் அனுப்பினேன். "ஹிக்கி மாஸ்!" என்று கத்தினாள். கண்டிக்கு வரும்போது கொண்டுவருகிறாளாம். ஐம்பது பக்கத்துக்கு நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருக்கிறார்கள், உருப்படியாக முடிவானது இதுதான்.

ஜூன் 22

காய்ச்சல். எனக்கு.

ஜூன் 27

அப்பாயியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரம்மா "எந்த ஊரு" என்று கேட்க, அப்பாயி "அட்டன்" என்றது. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும்.

ராத்திரி தூங்காமல் அழுகைக் கோச்சி பற்றிப் பேசியது. ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் சேர்ந்து அழுததால் அந்த ரயிலுக்கு அந்தப் பெயர். தலைமன்னார் வரை கோச்சி, அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். கப்பலில் அப்பா விடாமல் கத்தியதால் யாரோ ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். எத்தனையோ தடவை கேட்ட கதை. இந்தத் தடவை, பிஸ்கட் கொடுத்தது சிங்களத்துப் பெண் என்றது. இதுவரை அதைச் சொன்னதில்லை.

ஜூலை 1

கட்டுரையை அனுப்பிவிட்டேன். 312 சொல்தான். பிஸ்கட்டை எழுதினேன். தேர்வாகாது.

ஜூலை 6

ஒன்றுமில்லை. மழை.

ஜூலை 10

தேர்வாகிவிட்டேன். பயணச் செலவில் பாதி தருவார்கள். மீதிப் பாதி?

பாஸ்போர்ட் வரவில்லை. முகாம் ஆகஸ்ட் 3.

ஜூலை 11

அம்மா கம்மலைக் கழற்றிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவரும் அது அங்கே இல்லாத மாதிரி இருந்தார்.

ஜூலை 16

அப்பாயி வீட்டுக்கு வந்துவிட்டது. கஞ்சி குடிக்கிறது. நடக்க முடியவில்லை.

ஜூலை 17

பாஸ்போர்ட்! போஸ்ட்மேன் எங்கள் வீடு வரை ஏறி வர மாட்டார். டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உறையில் டீ வட்டம்.

ஓடிவந்து அப்பாயி கையில் கொடுத்தேன். கண்ணாடி கேட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு என் படத்தைப் பார்த்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியது. அதற்கடுத்த பக்கம். கடைசிவரை திருப்பிவிட்டு மறுபடி முதலுக்கு வந்தது.

"வீட்டாளுக யாரையும் காணோமே. நீ மட்டுமா போற?"

ஜூலை 19

ரோட்டில் யானை. காலை பஸ் வரவில்லை.