காகிதம் அப்புறம் வரட்டும்

போர் நடக்கும் இடங்களில் கல்வி என்றதும் நாம் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் என்னை அதிகம் வருத்துவது ஒரு காகிதம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் குடும்பம் பிறப்புச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் தேடி எடுத்துக்கொண்டா ஓடும்? போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் கேட்டால் பிள்ளை பள்ளி வாசலோடு திரும்பிவிடும். முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு தேர்வு வைத்து எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 28ஆம் பிரிவில், கல்வியை எல்லாக் குழந்தைகளுக்கும் உரிமை என்கிறது.

சரி, சேர்த்தாயிற்று. மூன்று வருடம் படிப்பு விட்டுப்போன 13 வயதுப் பிள்ளையைச் சிறுவர்களோடு உட்காரவைத்தால் கூச்சத்திலேயே நின்றுவிடும். இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் சுருக்கித் தரும் விரைவு வகுப்புகள் இவர்களுக்காகத்தான். அவை எல்லா முகாம்களிலும் வேண்டும். ஆசிரியர்களுக்குச் சம்பளமும் தவறாமல் போக வேண்டும்.

இன்னொன்று. போரின்போது பள்ளிகளைத் தாக்குதலிலிருந்தும் ராணுவப் பயன்பாட்டிலிருந்தும் காக்க, 2015இல் நார்வேயின் ஒஸ்லோவில் வந்த பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை நூறு நாடுகளுக்கு மேல் ஏற்றிருக்கின்றன. ஆனால் அது அந்த நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால்தான் வகுப்பறையைப் படைமுகாமாக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு நாடும் தன் ராணுவ விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும்.