வாசத்தைக் கேட்டு அறிதல்

காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர்ப் பக்கத்தில் கொப்பரை என்ற சொல்லை நாங்கள் பேச்சில் அதிகம் எடுப்பதில்லை. தேங்காய்ப் பருப்பு என்போம். எண்ணெய் ஆலைக்குள் அதையும் சுருக்கிப் பருப்பு என்போம். அந்தப் பருப்பு லாரியிலிருந்து இறங்கும் இடத்தில் நின்று, மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து நான்கைந்து மூடிகளை எடுத்து, உடைத்து, முகர்ந்து, இன்ன தரம் என்று சொல்வது 2004ஆம் ஆண்டு முதல் என் வேலை. 2021 மே மாதத்தில் வந்த கோவிட் காய்ச்சலுக்குப் பிறகு, இந்த வேலைகளில் முகர்வதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

மூக்கு நன்றாக இருந்த காலத்தில் அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீர்தான். அது களத்து வெயிலில் காய்ந்து 6 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் மூட்டையில் கெடாமல் நிற்கும். நன்கு காய்ந்த மூடி கையில் டக்கென்று முறியும். ஈரம் தங்கியது வளைந்து கொடுக்கும். பூஞ்சணம் பச்சையாகவோ மஞ்சளாகவோ கருப்பாகவோ கண்ணுக்குத் தெரியும். மூட்டையின் நடுவில் பருப்பு வெந்துகொண்டிருந்தால் உள்ளே விட்ட கைக்குச் சூடு தெரியும். இவற்றையெல்லாம் இப்போதும் செய்கிறேன். ஆனால் வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிக்கு வாடை தட்டத் தொடங்கிய பருப்பையும், மழைக்குப் பயந்து கொட்டகைக்குள் புகைமூட்டிக் காயவைத்த பருப்பையும், வேறு சரக்கு ஏற்றிய சாக்கில் கட்டி வந்த பருப்பையும் மூக்கு ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது. மூடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து, அந்தக் கை வெதுவெதுப்பில் முகர்வேன். ஒரு மூச்சில் முடிவு வந்துவிடும். ஏன் அந்த முடிவு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அந்த மே மாதத்தில் எங்கள் ஊரில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. மூன்றாம் நாள் காலையில் குளியல் சோப்பை முகர்ந்தபோது ஒன்றுமில்லை. காய்ச்சலோடு வாசம் போனவர்களில் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் திரும்பிவிட்டது. அதனால் எனக்கும் திரும்பும் என்று எண்ணி, நான் யாரிடமும் சொல்லாமலேயே வேலைக்குத் திரும்பினேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு முதற்காரணம் அந்தச் சொல்லாமைதான்.

மறைப்பது கடினமாக இருக்கவில்லை என்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. பருப்பு வெள்ளையாகத் தெரியவும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் சிலர் கந்தகப் புகை போடுவார்கள். எங்கள் ஆலை அதை வாங்குவதில்லை. அப்படிப்பட்ட மூட்டையைத் திறந்தால் எனக்கு இப்போதும் மூக்கு எரிந்து இருமல் வரும். பின்னால் மருத்துவர் விளக்கித்தான் புரிந்தது: கந்தகப் புகை, அம்மோனியா, மிளகாய் வற்றல் தாளிக்கும் புகை போன்றவற்றின் எரிச்சலை முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு உணர்த்துகிறது, அதற்கும் வாசம் உணரும் நரம்புக்கும் தொடர்பில்லை. தமிழில் வாசம், வாடை, நெடி என்று தனித்தனியாக வைத்திருக்கிறோமே, அதில் நெடி என்கிற ஒன்று மட்டும் எனக்கு மிச்சமிருக்கிறது. நான் இருமுவதைப் பார்த்தவர்கள் என் மூக்கு முன்போலவே இருக்கிறது என்று நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையை அப்படியே விட்டுவைத்தேன்.

அக்டோபரில், மழை பிடித்திருந்த ஒரு மாலையில், ஒரு லோடு இறங்கியது. பருப்பு நன்றாக முறிந்தது, நிறமும் குறையில்லை, ஈரமானியும் சரியான அளவைக் காட்டியது. முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரவு எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் எந்திரத்தில் ஓடி, வடிகட்டி, எண்ணெய் தொட்டிக்குப் போய்விட்டது. அதில் ஏற்கெனவே இருந்த எண்ணெயோடு சேர்த்து ஐந்து டன் இருக்கும். விடியற்காலையில் தொட்டியின் மூடியைத் திறந்த ஃபில்டர் ஆபரேட்டர் என்னைத் தேடி ஓடிவந்தார். எண்ணெயில் டீசல் வாசம் அடித்திருக்கிறது. லாரியின் தளத்தில் டீசல் கேன் சாய்ந்து, அடியில் விரித்திருந்த தார்ப்பாயில் ஊறி, அதன்மேல் அடுக்கிய மூட்டைகளில் ஏறியிருந்தது. கொழுப்பு எந்த வாசத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பருப்பில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். நாங்கள் சுத்திகரிக்காமல் விற்பவர்கள். உயர் வெப்பத்தில் நீராவி செலுத்தி வாசம் நீக்கும் பெரிய ஆலைகளின் வசதி எங்களிடம் இல்லை. எங்கள் எண்ணெயை வாங்குபவர் அதன் வாசத்துக்காகவே வாங்குகிறார். ஐந்து டன்னும் சோப்புத் தயாரிப்புக்கு மிகக் குறைந்த விலையில் போயிற்று.

மூட்டை இறக்கியவர்களிடம் பிறகு தனியாகக் கேட்டேன். இறக்கும்போதே வாசம் தெரிந்தது என்றார்கள். அவர்களில் மூத்தவர், "நீங்க பார்த்துட்டீங்க, ஒண்ணும் சொல்லலைன்னா செரியாத்தான் இருக்கும்னு நெனச்சோமுங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல நாட்கள் சுமந்தேன். அங்கே எட்டு மூக்குகள் சரியாக வேலை செய்துகொண்டிருந்தன. வேலை செய்யாத ஒன்றின் சொல்லுக்காக அவை எட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கின்றன.

முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன். வேலை போய்விடும் என்று எண்ணித்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏனப்பா, கண்ணு தெரியலீன்னா இப்படி மறச்சிருப்பியா?" என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. கண் போனால் மறைத்திருக்க மாட்டேன், மறைக்கவும் முடியாது. மூக்கு போனதை ஒரு குறையாகச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்ன சிலரும், "அதனாலென்ன, நாத்தமும் தெரியாதல்ல, நல்லதுதான்" என்று ஆறுதலாகவே பேசினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. முகரும் திறன் இழப்பு அவற்றில் இல்லை. சலுகை கேட்டு இதைச் சொல்லவில்லை. பெயரில்லாத குறையைப் பணியிடத்தில் வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். சிறு குழாயால் உள்ளே பார்த்து, சதை வளர்ச்சி ஏதுமில்லை என்றார். மூக்கின் உச்சியில், கண்களின் உயரத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. அதிலிருக்கும் நரம்புச் செல்களின் இழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. தலையில் பலமாக அடிபட்டால் அந்த இழைகள் அறுந்துபோவதும் உண்டு. கோவிட் கிருமி பெரும்பாலும் அந்த நரம்புச் செல்களை நேரடியாகத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் பலருக்குத் திரும்பிவிடுகிறது என்றும் சொன்னார். மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை வாச ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும், நான் ஆலையில் சேர்ந்த அதே 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். என் பிழைப்பு எதில் நடக்கிறது என்று பதினேழு ஆண்டுகள் தெரியாமலேயே இருந்திருக்கிறேன்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பயிற்சிதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், அந்த வாசத்தை நினைவில் கொண்டுவந்தபடி, சில விநாடிகள் முகர வேண்டும். குறைந்தது பன்னிரண்டு வாரங்கள். நம் பக்கத்தில் நான்காவதற்கு அலைய வேண்டியதில்லை. நீலகிரித் தைலம் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நானாக ஐந்தாவது புட்டி ஒன்றைச் சேர்த்தேன், அன்றன்று பிழிந்த எண்ணெய். ஆறு மாதம் கழித்துக் காபி மட்டும் கருகிய ரப்பர்போல ஒரு வாடையைத் தந்தது. திரும்பும் வழியில் வாசங்கள் இப்படித் திரிந்து வருவதுண்டு என்று மருத்துவர் நம்பிக்கை கொடுத்தார். அந்தக் கருகலும் சில வாரங்களில் மறைந்து பழைய வெறுமை வந்துவிட்டது. கிராம்பில் இப்போது ஏதோ ஒன்று தெரிகிறது; அது வாசமா, அதன் காரம் நரம்பைக் குத்துவதா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தே. மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசம். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுச் சாப்பிடும்போது உப்பும் குழைவும் சூடும் தெரிகின்றன. சின்ன வெங்காயமும் சீரகமும் வதங்கிய அந்தச் சோற்றைத்தான் காணோம். சமையல் வாயுவுக்கு இயல்பில் வாசமே கிடையாது. கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் என்ற சேர்மத்தைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை என்னை எட்டாது என்பதால் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றைச் சமையலறையில், வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரைக்கு அருகில், பொருத்தியிருக்கிறேன். பங்குனி வெயிலுக்குப் பிறகு கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் முதல் மழை விழும்போது வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். நானும் நிறுத்துகிறேன்.

ஆலையில் நடந்த மாற்றம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. களத்தில் பருப்பைத் தேங்காய் ஓட்டிலிருந்து நோண்டி எடுத்துத் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், அறுபது வயதிருக்கும், என்னைவிட அதிக காலம் பருப்போடு இருந்தவர். ஒவ்வொரு லோடுக்கும் அவரும், மூட்டை இறக்குபவர்களில் ஒருவரும், தனித்தனியாக முகர்ந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். முதல் நாள் அந்த அக்கா, "நல்லாருக்குதுங் தம்பி", "நல்லால்லீங்" என்ற இரண்டுக்கு மேல் சொல்லவில்லை. அவருக்கும் என்னைப் போலவே சொல் இருக்கவில்லை. எதைப் போல இருக்கிறது என்று நான் விடாமல் கேட்டேன். மெல்லச் சொற்கள் வந்தன. மழையில் நனைந்த கோணிச்சாக்கு. நாள்பட்ட தலையணை உறை. அணைத்த அடுப்பு. பண்டத்துக்கு, அதாவது மாட்டுக்கு, ஊறவைத்து மறந்துபோன புண்ணாக்குத் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே அந்த லோடின் ஈரப்பதத்தையும், பிழிந்த எண்ணெயின் எஃப்.எஃப்.ஏ. அளவையும் எழுதத் தொடங்கினேன்.

எஃப்.எஃப்.ஏ. என்பது தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலத்தின் அளவு. ஈரம் தங்கிய பருப்பில் நொதிகளும் பூஞ்சணமும் கொழுப்பை உடைப்பதால் அது ஏறும். எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, பீனால்ஃப்தலீன் சில துளி விட்டு, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் இடத்தில் கணக்குத் தெரிந்துவிடும். முன்பு இதை ஆய்வறைக்குள் முடித்துக்கொள்வோம். இப்போது பருப்பு கொண்டுவந்தவர் விரும்பினால் அவர் எதிரிலேயே மாதிரியைப் பிழிந்து செய்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி, "நீங்க மூக்குல வெச்சுப் பார்த்து ரெண்டாந்தரம்னு சொல்லிப்போட்டா, நாங்க எதைக் காட்டிப் பேசறதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அதை வெறும் வாக்குவாதமாக நினைத்தேன். என் மூச்சு ஒன்றுக்கு அவருடைய பல மாத உழைப்பின் விலை இறங்கியது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தேடினேன். அவர் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் மாறிவிட்டார் என்றார்கள்.

ஆனாலும் சோதனை மூக்குக்கு ஈடில்லை; இதை உறுதியாகச் சொல்வேன். பூஞ்சணம் உண்டாக்கும் கீட்டோன் வகைச் சேர்மங்களின் வாடையை எஃப்.எஃப்.ஏ. அளவு காட்டாது. அந்த டீசல் லோடின் எஃப்.எஃப்.ஏ. ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. இரவு ஷிஃப்டில் எக்ஸ்பெல்லர் பேரிங் சூடேறியபோது, மூன்றடி தள்ளி நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியில் இருந்த பையன் கருகல் வாசம் என்று கத்தி மோட்டாரை நிறுத்தினான். அன்றிலிருந்து இரவில் நான் தனியாக எந்திரத்தருகே நிற்பதில்லை.

நோட்டு இப்போது மூன்றாவதில் நடக்கிறது. சென்ற வாரம் வந்த ஒரு லோடைப் பார்த்து அக்கா சொல்லத் தயங்கினார். இன்னொரு மூடியை உடைத்து, கையில் தேய்த்து, மறுபடி முகர்ந்தார். "கெட்ட வாசமில்லீங் தம்பி. சின்னப் புள்ளைக்கு எண்ணெய் தேச்சு வெயில்ல வெச்சிருந்தா ஒரு வாசம் வருமில்லீங், அது" என்றார். ஈரப்பதம் 5.8. எஃப்.எஃப்.ஏ. 0.3. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.