ஸ்கொயர் லெக்கில் நிற்பவர்

கிரிக்கெட்டில் அம்பயரிடம் ஆட்டக்காரர் முறைத்துக்கொண்டால் அதற்கு விதி இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஒரு அம்பயர் சக அம்பயரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு விதிப் புத்தகத்தில் சில வரிகள்தான். லீக் பந்தயங்களில் ஒரு நாள் கெட்டுப்போனால், அதன் வேர் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கும். இருவருக்குள் சரியில்லை என்பதைப் பதினோரு பேரும் இரண்டு ஓவருக்குள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஆட்டம் தொடங்க 45 நிமிடம் முன்பே இரு அம்பயர்களும் கிரவுண்டில் இருக்க வேண்டும் என்கிறது விதி 2. அந்த நேரத்தை டீ குடித்துப் பழங்கதை பேசித் தீர்த்துவிடலாம். பவுண்டரியை இருவரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து பார்ப்பதற்கும் அதே நேரம் போதும். யாருடைய கடிகாரம் இன்று கணக்கு, பந்து மரக்கிளையில் பட்டால் என்ன, சைட் ஸ்கிரீன் (பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரிய வைக்கும் திரை) பவுண்டரிக்கு உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் டாஸுக்கு முன் இருவரும் ஒரே குரலில் கேப்டன்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டாவது ஓவரில் ஒருவர் நான்கு என்பார், மற்றவர் ஆறு என்பார். அங்கே குலைந்த நம்பிக்கையை அன்று மாலைக்குள் மீட்பது கடினம்.

அந்த நேரத்திலேயே சைகைகளையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பந்து முடிந்ததும் மார்பருகே இரண்டு விரல்: இன்னும் இரண்டு பாக்கி. தரையில் படாமல் இடுப்புக்கு மேலே வந்த ஃபுல் டாஸை நோ பால் என்று அறிவிக்க வேண்டியவர் பந்துவீச்சு முனை அம்பயர். உயரத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிகிறவரோ ஸ்கொயர் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், நிற்கும் மற்ற அம்பயர். அவர் கையைத் தன் வயிற்றருகே வைத்தால் உயரம், தொடையருகே வைத்தால் சரி என்று ஒரு ஏற்பாடு இருந்தால் போதும். யாருக்கும் தெரியாமல் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். லெக் சைடில் கிரீஸுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நின்றால் நோ பால் சொல்வது ஸ்கொயர் லெக் அம்பயரின் வேலை. அவர் குரல் கொடுக்கும்போது பந்துவீச்சு முனையில் நிற்பவர் திரும்பி முறைக்கக் கூடாது. அந்த ஒரு பார்வையே கூட்டாளியை அன்று முழுக்க ஊமையாக்கிவிடும்.

நம் ஊரில் இதற்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இருபத்தைந்து வருடம் நின்ற பெரியவரும், தேர்வு எழுதி இரண்டு வருடம் ஆன இளைஞரும் ஒரே பந்தயத்துக்குப் போடப்படுவார்கள். பெரியவர் பந்தை எண்ணத் தவறிவிடுவார். இளைஞருக்குத் தெரியும், ஆனாலும் “சார்கிட்ட எப்படிச் சொல்றது” என்று நின்றுவிடுவார். ஏழாவது பந்தில் விக்கெட் விழும். அம்பயர் எண்ணியதுதான் ஓவர் என்கிறது விதி, ஆகவே அந்த விக்கெட் நிற்கும். அதன் பிறகு பெரியவரின் பெயரும் நிற்காது, இளைஞரின் பெயரும் நிற்காது. வாய் பொத்தி நின்றதை மரியாதை என்று நாங்கள் ஏற்கவில்லை. “சார், ஆறு ஆயிடுச்சு” என்று நேரத்தில் சொன்னால்தான் அது பெரியவருக்குச் செய்கிற மரியாதை. பெரியவரும் டாஸுக்கு முன்பே, “நான் விட்டுட்டா உடனே சொல்லுப்பா, தயங்காதே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாத மூத்தவரிடம் எந்த இளைஞரும் தானாக வாய் திறக்க மாட்டார்.

கலந்து பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முடிவு சொல்ல வேண்டியவருக்குச் சந்தேகம் வந்து, மற்றவர் அதை இன்னும் நன்றாகப் பார்க்கும் இடத்தில் நின்றிருக்கக்கூடும் என்றால், அவரைக் கேட்க வேண்டும். கேட்பது கண்ணால் கண்டதைப் பற்றி மட்டும். “அவுட்டா?” என்று கேட்டால், தன் முடிவைக் கூட்டாளியின் தலையில் கட்டுவதாகிவிடும். “பந்து நேரா கைக்குப் போச்சா, தரையில பட்டுச்சா?” என்று கேட்க வேண்டும். பதிலும் அவ்வளவே: கை, தரை, அல்லது தெரியவில்லை. இந்த மூன்றாவது பதிலைச் சொல்லத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதைவிட “தெரியல” என்பது எவ்வளவோ மேல். கேட்ட பிறகும் சந்தேகம் தீராவிட்டால் நாட் அவுட் என்று விதி 31 தெளிவாகச் சொல்லிவிட்டது. இருவரும் ஆட்டக்காரர்களிடமிருந்து பத்தடி தள்ளி நடந்துபோய்ப் பேச வேண்டும். முடிவை அறிவிப்பது முதலில் கேட்டவரே.

கேட்காமலே குறுக்கிட வேண்டிய இடங்களும் உண்டு. ஏழாவது பந்து, பேட்ஸ்மேன் அவுட் என்று தவறாக நினைத்துக்கொண்டு பெவிலியனுக்கு நடப்பது, விதியையே மாற்றிச் சொல்வது போன்றவை. முடிவை மாற்றிக்கொள்ள அம்பயருக்கு உரிமை உண்டு, ஆனால் உடனே மாற்ற வேண்டும். ஆகவே தகவலும் உடனே வர வேண்டும். எல்.பி.டபிள்யூ அப்படியல்ல. ஸ்கொயர் லெக்கிலிருந்து லைன், அதாவது பந்து ஸ்டம்புக்கு நேராக வந்ததா என்பது, தெரியவே தெரியாது. அங்கே நின்றுகொண்டு தலையை ஆட்டுவதும் உதட்டைப் பிதுக்குவதும் கூட்டாளியின் முதுகில் குத்துவதுதான். பாதிக்கப்பட்ட அணி முதலில் வருவது ஸ்கொயர் லெக்குக்கே. “நீங்களே சொல்லுங்க சார், அது அவுட்டா?” என்பார்கள். “இங்கேர்ந்து லைன் தெரியாதுப்பா, ஆட்டத்தைப் பாரு” என்பது உண்மையான பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

எல்லாம் முறைப்படி நடந்தும் தவறு வரும். 2019 ஜூலை 14, லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, ரன் ஓடிய இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. பந்தை எறிந்த நொடியில் பேட்ஸ்மேன்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரை ஒருவர் கடந்திருக்கவில்லை. ஆகவே விதி 19.8-இன்படி இரண்டாவது ரன் சேராது: ஓடி முடித்த ஒன்றும் பவுண்டரியின் நான்கும் சேர்ந்து ஐந்து ரன், அடுத்த பந்தை ஆட வேண்டியவர் ஸ்டோக்ஸோடு ஓடிய ரஷீத். அம்பயராக நின்ற இலங்கையின் குமார் தர்மசேன, சக அம்பயர் மராயஸ் எராஸ்மஸிடம் கலந்து பேசியே ஆறு என்று காட்டினார். எறியும் கையையும் ஓடும் கால்களையும் ஒரே கணத்தில் பார்த்தவர் யாருமில்லை என்பதுதான் அங்கே நடந்தது. மறுநாள் காலை ஹோட்டலில் இருவரும் ஒரே நேரத்தில் அறைக் கதவைத் திறந்தபோது, நாம் பெரிய பிழை செய்துவிட்டோம், பார்த்தீர்களா என்று தர்மசேன கேட்டதாகப் பல வருடம் கழித்து எராஸ்மஸ் ஒரு பேட்டியில் சொன்னார். ஆறு என்று காட்டியவர் “நாம்” என்கிறார், அதைக் கேட்டவரும் அந்தப் பிழையைத் தனதாக ஏற்றுப் பின்னாளில் வெளியே சொல்கிறார். இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

அதே சம்பவத்தில் முன்னாள் சர்வதேச அம்பயர் சைமன் டோஃபல் பேசிய விதத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும், அது தெளிவான தவறு என்று அவர் மழுப்பாமல் சொன்னார். கூடவே அந்த நொடியில் அம்பயர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் விளக்கினார். கோப்பையை அந்த ஒரு முடிவோடு முடிச்சுப் போடுவது நியாயமல்ல என்றும் சொன்னார். பிழையைச் சொன்னார், ஆளைத் தொடவில்லை.

நம் வாட்ஸ்ஆப் குரூப்களில் இது தலைகீழாக நடக்கிறது. பவுண்டரி ஓரத்திலிருந்து யாரோ மொபைலில் எடுத்த எட்டு நொடி வீடியோ வருகிறது. கீழே சக அம்பயர்களே சிரிக்கும் முகங்களைப் போடுகிறார்கள். அந்த வீடியோவில் உண்மையில் என்ன தெரிகிறது? நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. பந்து காலில் பட்ட கணம் பல வீடியோக்களில் பதிவாகியே இருக்காது. கேமரா ஸ்டம்புகளுக்கு நேர்கோட்டில் இல்லையென்றால் லைனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முன்கால் நோ பாலிலும் இப்படித்தான். கால் ஊன்றும்போது அதில் ஏதாவது ஒரு பகுதி, அந்தரத்தில் இருந்தாலும், கிரீஸுக்குப் பின்னால் இருந்தால் போதும். வீடியோவை நிறுத்திக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கால் சறுக்கிய பிறகு நிறுத்துகிறார்கள். இதையெல்லாம் அறிந்த அம்பயரே அதை ஃபார்வர்டு செய்வது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. குரூப்பில் போட்டது ஸ்க்ரீன்ஷாட்டாகி, மாலைக்குள் கிளப் செயலாளர் கையில் இருக்கும். அடுத்த ஞாயிறு அதே அம்பயர் அதே அணிக்கு நிற்க வேண்டியிருக்கும்.

சொல்ல வேண்டியது இருந்தால் ஒரு நாள் பொறுத்துத் தனியாக போன் செய்யலாம். முதல் கேள்வி “எங்கே நின்னீங்க, என்ன பார்த்தீங்க?” என்பதாக இருக்கட்டும். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும். எல்லோருக்கும் பயன்படும் பாடம் என்றால் பெயர், தேதி, அணி, கிரவுண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, “பேட்ஸ்மேன்கள் கடக்காத நிலையில் ஓவர் த்ரோ பவுண்டரிக்குப் போனால் எத்தனை ரன், யார் ஸ்ட்ரைக்?” என்று கேள்வியாகப் போடலாம்.

ஆட்டக்காரர் எதிர்ப்புக் காட்டும்போதும் இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். விதி 42-இன்படி முதல் நிலைக் குற்றத்துக்கு அணிக்கு ஓர் எச்சரிக்கை, அதே அணி மீண்டும் செய்தால் எதிரணிக்கு ஐந்து ரன். கேப்டனை அழைத்துப் பேசும்போது ஒருவர் கடுமையாகவும் மற்றவர் “விடுப்பா, பரவாயில்ல” என்ற முகத்தோடும் நின்றால் எச்சரிக்கை காற்றில் போய்விடும்.

ஸ்கோரர்களையும் மறந்துவிடுகிறோம். அவர்களும் நம்மோடு நிற்கும் அதிகாரிகள்தான். ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரர் கை காட்டும் வரை ஆட்டத்தைத் தொடர விடக் கூடாது என்பது விதி. லெக் பையும் (மட்டையில் படாமல் உடலில் பட்டு எடுத்த ரன்) நோ பாலும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். பல இடங்களில் ஸ்கோரர் மேஜை வெயிலில், கிரவுண்ட் சரியாகத் தெரியாத மூலையில் கிடக்கும். காலையிலேயே அதை நிழலுக்கு, பந்துவீச்சு முனை தெரியும் இடத்துக்கு மாற்றச் சொல்வது அம்பயர்களின் வேலை. இடைவேளையில் தண்ணீரும் சாப்பாடும் அவர்களுக்கு வந்ததா என்று கேட்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் இருவரும் அந்த மேஜைக்குப் போய், இரண்டு புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று மொத்தம், எக்ஸ்ட்ரா, விக்கெட், ஓவர் என்று வரிசையாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.