கோபாலன் புக்

காலேஜில் நாங்கள் யாரும் அதன் முழுப் பெயரைச் சொன்னதில்லை. "கோபாலன் புக் எடுத்துட்டு வா" என்றால் போதும். நம் ஊர் உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று 100 கிராம் கணக்கில் போட்டிருக்கும் அட்டவணைப் புத்தகம். காசிமேட்டு வீட்டில் நான் அதைச் சத்தமாகப் படிப்பேன், அம்மா காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

"கேழ்வரகு, கால்சியம் 344 மில்லிகிராம். அகத்திக்கீரை, 1130."

அம்மாவின் கை நின்றுவிட்டது. "அமாவாசைக்கு மாட்டுக்குக் குடுப்பாங்களே, அந்தக் கீரையா?"

மறுநாள் வீட்டில் அகத்திக்கீரைப் பொரியல்.

அந்தப் புத்தகத்தின் கோபாலன், டாக்டர் சி. கோபாலன், 1918இல் சேலத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, லண்டன் போய், பிறகு குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது ஹைதராபாத்துக்கு மாறிய பிறகு அதன் இயக்குநரானார். 2019இல், 100 வயதில் காலமானார். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற வைட்டமின் ஏ மருந்துக்குப் பின்னாலும் அவர் காலத்து ஆராய்ச்சி இருக்கிறது.

எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது வேறொன்றால். ஏழைக் குழந்தைக்குக் குறைவது புரோட்டீன்தான் என்று உலகமே பேசிய காலம் அது. இல்லை, குழந்தைக்கு வயிறு நிறையவில்லை, வீட்டில் சாப்பிடுவதையே போதுமான அளவு சாப்பிட்டால் புரோட்டீனும் பெரும்பாலும் வந்துவிடும் என்றார் அவர். சும்மா சொல்லவில்லை. ஹைதராபாத் பக்கத்துக் கிராமக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த பண்டத்தைத் தினமும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 310 கலோரி, அதில் புரோட்டீன் வெறும் 3 கிராம். உயரமும் எடையும் நன்றாகவே கூடின. 1973இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

போன வாரம் தண்டையார்பேட்டை கிளினிக்குக்கு ஒரு அக்கா வந்தார். கையில் புரோட்டீன் பவுடர் டப்பா. மூன்று வயதுப் பையன், எடை ஏறவில்லை. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். காலையில் டீயும் பிஸ்கெட்டும், மதியம் நாலு வாய் ரசம் சோறு, ராத்திரி பாதித் தூக்கத்தில் ஒரு இட்லி.

டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, பருப்புச் சோறு, அதில் எண்ணெய், நடுவில் ஒரு வாழைப்பழம், சாயந்திரம் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி என்று எழுதிக் கொடுத்தேன்.

"எண்ணெய் எவ்ளோ ஊத்தணும்மா?" என்றார். மேஜை டிராயரில் இருந்த டீஸ்பூனை எடுத்துக் காட்டினேன்.