அந்த ‘அப்படியே’

திருப்பாதிரிப்புலியூரில் பல் பார்க்க ஆரம்பித்து இது பதினான்காவது வருடம். பல்வலிக்காரர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வாயில் கட்டி உள்ளவர்கள் அப்படியில்லை. பல் சுத்தம் பண்ண வந்தேன் என்பார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, “அப்படியே இதையும் பாத்துடுங்க டாக்டரம்மா” என்று உதட்டை மடித்துக் காட்டுவார்கள். வந்ததே அந்த ‘அப்படியே’வுக்காகத்தான்.

முதுநகரிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். சூடான குழம்பு மேலண்ணத்தைச் சுட்டுவிட, நாக்கால் துழாவியிருக்கிறார். நட்டநடுவில் கல் மாதிரி ஒரு மேடு. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, டோரஸ். அண்ணத்து எலும்பே கொஞ்சம் புடைத்து வளர்வது, பெண்களிடம் சற்று அதிகம். பல்செட் கட்டும்போது இடைஞ்சலானால் ஒழிய அதைத் தொடவே வேண்டாம். பல வருடமாக இருந்திருக்கும். சூடு பட்ட பிறகுதான் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

“ஒண்ணுமில்லாததா இவ்ளோ பெருசா இருக்கு?”

கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவர் விரலாலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நகரவில்லை, வலிக்கவில்லை. பிறகு தாடை எலும்பைத் தொடச் சொன்னேன். அதே கெட்டி. “அப்போ இது என் எலும்புதானா!” என்றார். வெளியே நாலு பேர் காத்திருக்க, இதற்குக் கால் மணி நேரம் ஆனது.

நான் அவசரப்பட்டதும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். மேல் முன்பற்களுக்கு நடுவே எகிறில் சிவப்பாக ஒரு சதை, பிரஷ் பட்டாலே ரத்தம். கர்ப்ப கால ஹார்மோனோடு பல்லிடுக்கு அழுக்கும் சேர்ந்தால் இப்படி வளரும். சுத்தம் செய்துவிட்டுக் காத்திருந்தாலே பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். படித்ததுதான். ஆனாலும் வெட்டினேன். வளைகாப்புக்குள் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. “பாதிய விட்டுட்டீங்களா?” என்று மாமியார் கேட்டார். பதில் இல்லை.

கீழுதட்டு நீர்க்கொப்புளம் வேறு ரகம். உதட்டைக் கடிக்கிற பிள்ளைகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கிழிந்து, நீர் உள்ளேயே தேங்கும். வீட்டில் ஊசியால் குத்துவார்கள், வற்றும், திரும்ப வரும். அந்தச் சின்னச் சுரப்பியோடு சேர்த்து எடுக்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபைன், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர்களுக்கு எகிறு தடித்துப் பல்லையே மூடுவதும் உண்டு. அதனால் கத்தியைத் தேடும் முன் மாத்திரைச் சீட்டைக் கேட்பேன்.

வெட்டி எடுத்தது எதுவானாலும், பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும், ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதில்லை.

போன மாதம் முதுநகரிலிருந்து இன்னொரு அம்மா வந்தார். “மீன்கார அக்கா அனுப்பிச்சாங்க. எலும்புன்னு சொல்லி அனுப்பிடுவீங்களாம்” என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். புகையிலை ஒதுக்கும் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, அதன் நடுவே ஆறாத புண். எத்தனை நாளாக என்றேன். ரெண்டு மாசம் என்றார். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் அதே கண்ணாடியைக் கொடுத்தேன்.