பட்டறைப் பாராங்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பாச்சேத்தி அருவாள் பழகிய கைக்கு, மலேசியாவின் நீண்ட வெட்டுக் கத்தியான பாராங் உடனே பிடிபடாது. அருவாளைக் கொத்தி இழுப்போம். பாராங்கை வீச வேண்டும். எடை முன்பக்கம் இருப்பதால், மணிக்கட்டு இறுகாமல் இருந்தாலே பாதி வெட்டு விழுந்துவிடும். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகக் குடிவந்து, வீட்டுக்குப் பின்னால் புதர் வெட்ட ஒன்று தேடுகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள்.

முதலில் முதுகைப் பாருங்கள். கொல்லர் அடித்த பாராங் பிடியருகே 6 மில்லிமீட்டர் கனம் என்றால் நுனியில் 3 அளவுக்கு மெலிந்திருக்கும். தகட்டில் வெட்டியெடுத்த கத்தி கடைசிவரை ஒரே கனம். அரை மணி நேரத்தில் முழங்கை கடுக்கும்.

இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கரி (கார்பன்) சுமார் 0.6 சதவீதம், வெட்டுக் கத்திக்குப் போதும். ஆனால் பல வருடம் வளைந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். போல்ட் துளைப் பகுதியை ஒதுக்கிவிட்டு அடிப்பவர்தான் நல்ல கொல்லர்.

கத்தியின் உயிர் தோய்ச்சலில், அதாவது இரும்பைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்குவதில் இருக்கிறது. சூடேறிய இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெட்டும் விளிம்பான வாயை மட்டும் எண்ணெயில் இறக்குவார்கள். தண்ணீரில் இறக்கினால் இந்த இரும்பு வெடிக்க வாய்ப்பு அதிகம். முதுகு மிருதுவாக நிற்பதால் அடியின் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். பிறகு வாயைத் தேய்த்து வெளுக்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடு காட்டுவார்கள். நிறம் ஓடிவரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். வாயில் பழுப்பு ஊதாவாகத் திரும்பும் அந்த நொடியில் நிறுத்த வேண்டும். மஞ்சளோடு விட்டால் காய்ந்த மூங்கில் கணுவில் வாய் சிதறும். நீலம் தாண்டினால் மடங்கும். எத்தனை வருடக் கண் அது!

கடையில் சின்ன அரம் கேட்டு வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் முறுகல், வெண்ணெய்போல் கடித்தால் மிருது. தயங்கிக் கடிக்க வேண்டும். வாயோரம் நீலத் திட்டு தெரிந்தால் சாணைச் சக்கரத்தில் சூடேறித் தோய்ச்சல் போயிருக்கிறது. வேண்டாம்.

பிடிக்குள் போகும் காம்பு 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும், பூண் ஆடக்கூடாது. இந்த ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறும். துடைத்து எண்ணெய் பூசி உறையில் வையுங்கள்.

வேலைக் காரணமில்லாமல் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் கிடக்க விடாதீர்கள்.