கடைசி வாரத்தில் வந்த ஆடுபுலி

கல்லூரிக் கடைசி ஆண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தோம். இரண்டு பேர் இணையத்தில் பலகை விளையாட்டு ஆடுவதற்கான தளம். செஸ்ஸும், கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ரிவர்சியும் கட்டாயம். மூன்றாவது விளையாட்டு எதுவென்று கடைசி வாரத்தில்தான் சொல்வார்கள். மைய நிரலில் கை வைக்காமல் அதை மூன்று நாளில் சேர்க்க வேண்டும். அந்த வரியை முதல் நாளே எல்லோரும் வாசித்தோம். யாரும் பயப்படவில்லை, அதுதான் பிரச்சினை.

முதல் இரண்டு வாரமும் வெள்ளைப் பலகையில் படம் வரைந்தே போனது. நிரலில் 'காய்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு பொதுவான வார்ப்பு; அதன் வாரிசுகளாக ராஜா, மந்திரி, குதிரை, சிப்பாய். ஒவ்வொரு காயிடமும் "நீ எங்கே போகலாம்?" என்று கேட்டால் அதுவே பதில் சொல்லும். வரைந்தவன் நான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. புதிய விளையாட்டு வந்தால் புதிய காய்களை எழுதினால் போதும் என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

செஸ்ஸே அதை முதலில் உடைத்தது. ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவதுதான் கோட்டை கட்டுவது. அதற்கு ராஜாவும் யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, ராஜா கடக்கும் கட்டத்தை எதிராளி தாக்கவும் கூடாது. பக்கத்தில் இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டுவது அடுத்த நகர்த்தலிலேயே நடக்க வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம், அதற்கு ஆட்டத்தின் வரலாறு வேண்டும். ஆக, தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது காய்க்கே தெரியாது. நாங்களோ தரவுத்தளத்தில் காய்கள் நிற்கும் இடத்தை மட்டும் சேமித்திருந்தோம். ஒருவர் ராஜாவை நகர்த்தி, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். இணைப்பு அறுந்து மீண்டும் உள்ளே வந்ததும் ஜோராகக் கோட்டை கட்டினார்! செஸ் உலகம் ஒரு நிலையை எழுத வைத்திருக்கும் ஃபென் குறியீட்டில் காய்களோடு இன்னும் ஐந்து விவரங்கள் ஏன் சேர்ந்து வருகின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் ரிவர்சி. அதில் காய் நகர்வதே இல்லை. வைத்தால் வைத்ததுதான், நடுவில் சிக்கியவை நிறம் மாறும். "எங்கே போகலாம்?" என்பதற்குப் பதில் சொல்ல எழுதிய என் அழகான மெத்தட்கள் எல்லாம் வெறும் பட்டியலைத் திருப்பித் தந்தன. அதைவிட மோசம், வைக்க இடம் இல்லாதவர் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் மையமோ ஆளுக்கொரு முறை என்று மாறி மாறிச் சுற்றுகிற ஒரு லூப். சோதனையில் இரண்டு பிரவுசரும் "எதிராளிக்காகக் காத்திருக்கிறது" என்று ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

சரி, ஆமா இல்லையா என்று குறித்து வைக்கும் ஒரு ஃபிளாக் போட்டுச் சமாளிக்கலாம் என்றேன். ஒன்று இரண்டானது, இரண்டு பதினொன்றானது. சர்வர் பக்கம் எழுதிய நண்பன் ஒருநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "விளையாட்டுகிட்ட நாலே கேள்வி கேப்போம். ஆரம்ப நிலை என்ன, இப்ப யார் என்னென்ன செய்யலாம், இதைச் செஞ்சா அடுத்த நிலை என்ன, ஆட்டம் முடிஞ்சுதா. அவ்வளவுதான். நிலைக்குள்ள என்ன இருக்குங்கறது மையத்துக்குத் தெரியவே வேண்டாம்." அறை, இணைப்பு, கடிகாரம், நகர்த்தல் பட்டியல் இவை மட்டும் மையத்தின் பொறுப்பு.

நான் மூன்று நாள் எதிர்த்தேன். வடிவமைப்புக் காரணம் எதுவும் இல்லை, அந்தப் படம் என்னுடையது என்பதைத் தவிர. வேலையை எந்தப் படிகளில் செய்கிறோம் என்று பார்த்து நிரலைப் பிரிக்காதீர்கள், எந்த முடிவுகள் மாறக்கூடும் என்று பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்று மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதிவிட்டார். தேர்வில் இதை எழுதி நான் மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன்.

மூன்றாவது விளையாட்டாக ஆடுபுலி ஆட்டம் வந்தது. மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். இரு தரப்புக்கும் வேறு வேறு விதி. ஆடுகள் எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது, புலி தாண்டி வெட்டும், புலிகளை அசையவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. நான்கு கேள்விகளுக்கும் அரை நாளில் பதில் எழுதிவிட்டோம். நண்பனுக்கு ஒரே பெருமை.

திரையைத் திறந்தோம். எட்டுக்கு எட்டுக் கட்டம்.

விதிகளை மையத்திலிருந்து மறைத்தோம், பலகையின் வடிவத்தை மறைக்கவில்லை. வரிசை எண், நெடுவரிசை எண் என்ற இரண்டும் திரையிலும் இருந்தன, சர்வருக்குப் போகும் செய்தியிலும் இருந்தன, தரவுத்தளத்திலும் இருந்தன. செஸ், ரிவர்சி இரண்டுக்கும் அதே 64 கட்டம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர், அதன் இடம், எதோடு எது கோட்டால் இணைகிறது என்பதை விளையாட்டே சொல்லும்படி மாற்றினோம். மையத்தில் கை வைத்தாயிற்று, மதிப்பெண்ணும் போயிற்று. கோப்பை ஃபோல்டரில் போட்டவுடன் சர்வரை நிறுத்தாமலே புதிய விளையாட்டு தோன்ற வேண்டும் என்று இதற்கு முன் ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தோம். யாரும் அதைக் கேட்கவில்லை, டெமோவில் பார்க்கவும் இல்லை.

டெமோவில் ஒரு கேள்வி வந்தது: எதிராளி ஒளித்து வைத்த கப்பலைத் தேடி அடிக்கும் விளையாட்டை இதில் சேர்க்க முடியுமா? நான் "ஓ..." என்று ஆரம்பிப்பதற்குள் அணித் தலைவி "முடியாதுங்க சார்" என்றாள். முழு நிலையையும் இருவருக்கும் அனுப்புகிறோம், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவியைத் திறந்தால் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். "இவர் எதைப் பார்க்கலாம்?" என்று ஐந்தாவது கேள்வி ஒன்று வேண்டும் என்றாள். தாய விளையாட்டு என்றால் சர்வர்தான் தாயம் உருட்ட வேண்டும், விழுந்த எண்ணையும் பட்டியலில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதே ஆட்டத்தைத் திரும்ப ஓட்டும்போது வேறு ஆட்டம் வரும் என்றும் அவளே சேர்த்துக்கொண்டாள். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்த "முடியாது"வுக்குத்தான்.

அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு எங்கள் நிரலையே அடித்தளமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் இரவு ஒரு பெண் செய்தி அனுப்பினாள்: "அண்ணா, கடிகாரக் கோப்புல ரிவர்சிக்குன்னு தனியா ஒரு இஃப் இருக்கு. மேல 'தற்காலிகம்'னு கமென்ட். எடுத்தா, ஒருத்தர் முறையை விட்டதும் கடிகாரம் நின்னுடுது. இதை யார் எழுதினது?"

நான்தான் எழுதினேன்மா, இப்போதைக்கு எடுக்காதே என்று பதில் போட்டேன்.